பாவு அறுந்தால் தறி நிற்கும், புத்தகம் செருகினால் சுவர் திறக்கும்

புத்தக அலமாரியில் ஆறு குழிகள். நாலாவது குழியில் ஒரு புத்தகத்தைச் செருகினால் பக்கத்துச் சுவர் இரண்டாக விலகி வழிவிடுகிறது. மூன்றாவதில் செருகினால் அசையாது, ஐந்தாவதிலும் அசையாது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் வில்லன் சுவரில் மாட்டிய மான் கொம்பைத் திருகியதும் பாதாள அறை திறக்குமே, அதே கதைதான். அன்று திரைக்குப் பின்னால் இரண்டு பேர் நின்று கதவை இழுத்திருப்பார்கள். இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து, சுவருக்குப் பின்னால் ஒரு சர்க்யூட்டையே போட்டு முடித்துவிடுகிறது. போடும் இடம் மைன்கிராஃப்ட்.

பல்லடத்திலோ சோமனூரிலோ காரணம்பேட்டையிலோ இதைப் பார்க்கும் பெரியவர்களின் வாயில் வருவது பெரும்பாலும் ஒரே கேள்வி: "ஏங் கண்ணு, இன்னும் அந்தப் போனக் கீழ வெக்கலியா?" கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதைப் பிறகு பார்க்கலாம். கேட்கும் ஊர் எது என்பதுதான் வேடிக்கை. தறி ஓட, கிணற்று மோட்டார் ஓட, கோழிக் கொட்டகையில் ஃபேன் ஓட என்று விடிந்தால் அடைந்தால் சுவிட்சையும் ரிலேயையும் நம்பிப் பிழைக்கிற ஊர் இது. பிள்ளை திரையில் கட்டும் ரகசியக் கதவு அந்தத் தொழிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வீட்டார்தான் இன்னும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009-ல் வெளியிடத் தொடங்கி, 2011 நவம்பரில் முழு வடிவம் பெற்றது மைன்கிராஃப்ட். 2014-ல் மைக்ரோசாஃப்ட் அதைத் தயாரித்த மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியதாக அறிவித்தார்கள். சதுரக் கட்டிகளை வெட்டுவது, அடுக்குவது, அவ்வளவுதான் ஆட்டம். 2010 ஜூலையில் அதற்குள் ரெட்ஸ்டோன் என்ற சிவப்புப் பொடி வந்தது. அதைத் தரையில் கோடாக இழுத்தால் வயர். மறு ஆண்டு பிஸ்டன் வந்தது. கட்டியைத் தள்ளவும், ஒட்டும் பிஸ்டனாக இருந்தால் இழுக்கவும் முடிந்தது. பொடியும் பிஸ்டனும் ஒரே வீட்டில் சேர்ந்த பிறகு சுவர் சும்மா இருக்குமா?

ஆறு குழி அலமாரி 2023-ல் வந்த சரக்கு. அதன் பின்னால் கம்பேரட்டர் என்ற கருவியை வைத்தால், கடைசியாகக் கை பட்டது எத்தனையாவது குழி என்பதை அது சிக்னலின் வலுவாகச் சொல்லும். நாலாவது குழி என்றால் வலு 4. கோலப்பொடி மாதிரி இழுத்த ரெட்ஸ்டோனில் அந்தச் சிக்னல் ஓடும்போது கட்டத்துக்கு ஒன்று குறையும். முதல் கட்டத்தில் 4, அடுத்து 3, பிறகு 2, நாலாம் கட்டத்தில் 1. ஐந்தாம் கட்டம் இருட்டு. ஆக, நாலாம் கட்டம் எரிந்தால் புத்தகம் நாலிலோ அதற்கு மேலோ வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்தாம் கட்டமும் சேர்ந்து எரிந்தால் வைத்தவருக்கு ரகசியம் தெரியாது. கதவு திறக்க வேண்டுமானால் நாலு எரிய வேண்டும், ஐந்து எரியக் கூடாது.

இந்த நிபந்தனையைச் சர்க்யூட்டாக மாற்றக் கையில் இருப்பது ஒரு சிவப்புத் தீப்பந்தம். அதற்குக் குணம் தலைகீழ். அது ஒட்டியிருக்கும் கல்லுக்குச் சிக்னல் வந்தால் அணையும், வராவிட்டால் எரியும். நாலாம் கட்டத்தை ஒரு பந்தத்துக்குக் கொடுத்துத் தலைகீழாக்க வேண்டும். அந்தப் பந்தத்திலிருந்து வரும் கோட்டோடு ஐந்தாம் கட்டத்துக் கோட்டைச் சேர்க்க வேண்டும். சேர்ந்த கோட்டை இன்னொரு பந்தத்தில் விட்டு மறுபடி தலைகீழாக்கினால் வேண்டிய விடை கிடைத்துவிடும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் குறைக்கடத்திப் பாடத்தில் இதே விஷயம் டி மார்கன் தேற்றம் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே அதைச் சூத்திரமாக எழுதி, அட்டவணை போட்டு நிரூபித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். இங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளை பெயர் தெரியாமலே அதைக் கட்டி, அதற்குப் பின்னால் தன் வைரத்தை ஒளித்துவைக்கிறது.

கட்டியதும் வேலை செய்யாது. அதுதான் இதில் நல்ல பகுதி. முதல் பந்தத்தின் சிக்னல் முன்னால் போவதோடு நிற்காமல், சேர்ந்த இடத்திலிருந்து ஐந்தாம் கட்டத்துக் கோட்டில் பின்னாலும் வழிந்துவிடும். யாரும் புத்தகத்தைத் தொடாமலே ஐந்தாம் கட்டம் எரியும், அது நாலாம் கட்டத்தை எரிய வைக்கும், எல்லாம் குழம்பும். மருந்து ரிப்பீட்டர் என்ற இன்னொரு கருவி. ஒரு பக்கம் மட்டுமே சிக்னலை விடும், மறுபக்கம் விடாது. மின்னணுவியலில் டயோடு செய்கிற காவல் வேலை அது. எந்த இடத்தில் ரிப்பீட்டர் வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பிள்ளைக்கு ஒரு சாயங்காலம் ஆகலாம். அந்தச் சாயங்காலத்தை வீணாய்ப் போனதாகக் கணக்கெழுதுவது சரியா என்பதுதான் இங்கே கேள்வி.

இன்னொரு தலைவலியும் உண்டு. கைபேசியில் ஆடும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். மைன்கிராஃப்ட்டுக்குக் கணினியில் ஓடும் ஜாவா பதிப்பு, கைபேசியிலும் ஓடும் பெட்ராக் பதிப்பு என்று இரண்டு முகங்கள். ஜாவா பதிப்பில் பிஸ்டனுக்கு ஒரு விசித்திரம்: தனக்கு மேலே இருக்கும் கட்டத்துக்குச் சிக்னல் வந்தாலும் தனக்கே வந்ததாக நினைத்துக்கொள்ளும். கதவுக்கு எழுதிய நிரலை எடுத்துப் பிஸ்டனுக்குப் பயன்படுத்தியதால், கதவைப் போலத் தனக்கும் ஒரு மேல்பாதி இருப்பதாக அதற்குப் பிரமை என்று சொல்வார்கள். பிழைதான். ஆனால் அதை நம்பிப் பல வித்தைகள் கட்டப்பட்டுவிட்டதால் திருத்தாமல் விட்டுவிட்டார்கள். பெட்ராக்கில் அந்தப் பிரமை கிடையாது. யாரோ ஜாவாவில் கட்டிப் போட்ட வீடியோவைப் பார்த்துக் கைபேசியில் அச்சு அசலாகக் கட்டினால் கதவு பாறையாக நிற்கும். அப்போது பிள்ளைக்கு இரண்டு வழி. விட்டுவிட்டு வேறு வீடியோ தேடலாம். அல்லது சிக்னல் எங்கே நிற்கிறது என்று கட்டம் கட்டமாகத் தேடலாம். இரண்டாவது வழியில் போகும் பிள்ளைதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய ஆள்.

இனி தறிக்கு வரலாம். கணினிக்குப் பாட்டன் ஜக்கார்டு தறி என்ற கதையை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அட்டையில் ஓட்டை போட்ட பிரெஞ்சுக்காரரை இங்கே இழுக்க வேண்டியதில்லை. பல்லடத்துச் சாதாரண விசைத்தறியிலேயே பாடம் இருக்கிறது. ஊடை நூல் இருக்கிறதா என்று பார்க்க அதில் முள்கரண்டி போல ஒரு சின்ன உறுப்பு உண்டு. நாடா ஓடி நூலை விட்டுச் சென்றிருந்தால், நூல் அந்த முள்ளைத் தள்ளும். தறி ஓடிக்கொண்டே இருக்கும். நூல் அறுந்தோ தீர்ந்தோ போனால் முள்ளைத் தள்ள ஆளில்லை, அதன் கொக்கி மாட்டிக்கொண்டு தறியின் கைப்பிடியைத் தட்டிவிடும், தறி நிற்கும். நூல் இருந்தால் நிறுத்தாது, இல்லாவிட்டால் நிறுத்தும். ரெட்ஸ்டோன் பந்தத்தின் தலைகீழ்க் குணத்தை இரும்பில் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

தானியங்கித் தறிகளில் பாவுக்கும் காவல் உண்டு. டிராப் பின் என்பார்கள். ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கும். நூல் விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலேயே நிற்கும். ஆயிரக்கணக்கான நூலில் ஏதோ ஒன்று அறுந்தால் அதன் தகடு மட்டும் சரிந்து, கீழே இருக்கும் பட்டையில் இரண்டு மின்முனைகளையும் தொட்டு இணைக்கும். சுற்று முழுமையாகும், தறி நிற்கும், விளக்கு எரியும். இதுவா, அதுவா, எது அறுந்தாலும் சரி என்கிற இந்த ஏற்பாட்டுக்குப் பாடப்புத்தகத்தில் ஆர் கேட் என்று பெயர். தறி ஓட்டும் அம்மாவிடம் போய் ஆர் கேட் என்றால் சிரிப்பார். எந்தத் தகடு விழுந்தது என்று கேட்டால் கையை நேராக அங்கே வைத்துவிடுவார்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் நூல் அறுந்தால் தானே நிற்கும் தறிக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1924-ல் அவருடைய ஜி வகைத் தானியங்கித் தறி தயாரானது. அதன் காப்புரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. அவர் மகன் கீச்சிரோ கார் தயாரிப்பில் இறங்கி, டொயோட்டா நிறுவனம் பிறந்தது. பிழை வந்த கணமே இயந்திரம் தானாக நிற்க வேண்டும் என்ற தறிக்காரர் புத்தியை இன்றைக்கும் அந்தக் கார் கம்பெனி தன் உற்பத்தி முறையின் ஒரு தூணாகச் சொல்லிக்கொள்கிறது. பாவும் ஊடையும் தெரிந்த கைக்கு வேறு கதவுகளும் திறக்கும் என்பதற்குப் பல்லடத்துக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்காது.

தோட்டத்துக்குப் போனால் அங்கே ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பட்டனை அமுக்கிக் கையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுகிறதே, எப்படி? உள்ளே இழுபட்ட கான்டாக்டர், தன்னுடைய இன்னொரு முனை வழியாகத் தனக்கே மின்சாரத்தை ஊட்டிக்கொண்டு பிடித்து நிற்கிறது. ஹோல்டிங் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். சிவப்புப் பட்டன் அந்தப் பிடியை அறுக்கும். கரண்ட் போனாலும் பிடி விட்டுவிடும். திரும்பி வந்தால் மறுபடி யாராவது அமுக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு நினைவு இருப்பது இப்படித்தான். ரகசியக் கதவுக்கும் நினைவு வேண்டும்; ஒரு தட்டுக்குத் திறந்தது அடுத்த தட்டு வரை திறந்தே இருக்க வேண்டும். உள்ளே போனவர் உள்ளிருந்தே மூடவும், வெளியில் நிற்பவர் வெளியிலிருந்து திறக்கவும் வேண்டுமென்றால் மாடிப்படி விளக்கின் டூ வே சுவிட்ச் ஞாபகத்துக்கு வர வேண்டும். சிக்னல் பதினைந்து கட்டத்துக்கு மேல் போகாது, நடுவில் ரிப்பீட்டர் வைத்துத் தூக்கிவிட வேண்டும் என்பதைக்கூட, டிரான்ஸ்ஃபார்மருக்கு வெகுதூரத்தில் தோட்டம் வைத்துக்கொண்டு வோல்டேஜ் போதாமல் தவிக்கும் விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுவிட்சுகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை உலகம் கண்டுகொண்டது 1937-ல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர், தொலைபேசி நிலையங்களில் இருந்தது போன்ற ரிலே சர்க்யூட்டுகளை ஜார்ஜ் பூலின் தர்க்கக் கணிதத்தால் எழுதிவிடலாம் என்று முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். இன்றைய கணினி வடிவமைப்பு அந்த வழியில் வந்தது. அதே 1937-ல்தான் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள் என்பது தற்செயல். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஜி.டி. நாயுடு பிறந்த கலங்கல் சூலூர்ப் பக்கம். பல்லடத்திலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். பள்ளிக்கூடத்தில் நிலைக்காத பிள்ளை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை அதைப் பிரித்துப் போட்டது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கியவர், பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார். கோயம்புத்தூரில் அவர் பெயருக்கு மரியாதை குறைவில்லை. பிரித்துப் போடும் பிள்ளைக்குத்தான் குறைவு. வாங்கிய வண்டியை அக்கக்காகக் கழற்றி நடுவாசலில் பரப்பிவைக்கும் மகனை இன்று எந்த வீடு பொறுத்துக்கொள்ளும்?

ஒளித்துவைக்கும் வித்தையும் நமக்குப் புதிதல்ல. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டில், சாவி திரும்பும்போதெல்லாம் மணி அடித்து வீட்டாரை உஷார்ப்படுத்தும் வகை உண்டு. தவறான சாவியைப் போட்டால் கத்தி பாய்ந்து திருடன் கையைப் பதம் பார்க்கும் பூட்டைப் பற்றியும் சொல்வார்கள். இரும்பையும் வில்லையும் வைத்து அந்தத் தொழிலாளிகள் செய்தது, சரியான ஆளுக்கு ஒரு பதில், தவறான ஆளுக்கு வேறு பதில். நாலாவது குழியும் ஐந்தாவது குழியும் மாதிரி.

இப்போது வீட்டாரின் நியாயம். வீடியோவைப் பார்த்து வரிக்கு வரி காப்பியடித்துக் கதவு கட்டுவதில் படிப்பு ஒன்றுமில்லை. கோனார் உரையைப் பார்த்து எழுதுவது மாதிரிதான். மணிக்கணக்கில் கண்ணைத் திரையில் புதைப்பதை எந்தக் கதவும் நியாயப்படுத்தாது. முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் ஆடும் அபாயம் தனி. முக்கியமான ஒன்று: ரெட்ஸ்டோன் ஷாக் அடிக்காது. அதில் எர்த் இல்லை, சூடு இல்லை, தப்பாக இணைத்தால் புகை வராது. திரையில் நூறு சர்க்யூட் கட்டிய தைரியத்தில் பிள்ளை தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கக் கூடாது. இது தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயமே. "என்ன பண்ற?" என்று அதட்டுவதற்குப் பதில் "இது ஏன் இங்க நிக்குது?" என்று ஒரு எலக்ட்ரீஷியன் அப்பாவோ தறி ஃபிட்டர் மாமாவோ கேட்டால், பிள்ளை காப்பியடித்ததா கண்டுபிடித்ததா என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். பல்லடத்தில் அப்படிப்பட்ட அப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் பஞ்சமில்லை.

பள்ளிக்கூடமும் இதில் ஏதாவது செய்யலாம். காசு ஒரு சாக்கு ஆகாது. மைன்கிராஃப்ட்டை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010-ல் தொடங்கிய மைன்டெஸ்ட் முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள். 2024 அக்டோபரில் அதன் பெயரை லுவாண்டி என்று மாற்றினார்கள். அதற்கு மெசிகான்ஸ் என்று ஒரு துணைத்தொகுப்பு இருக்கிறது. ரெட்ஸ்டோன் போலவே வயர், சுவிட்ச், பிஸ்டன், லாஜிக் கேட் எல்லாம் அதில் உண்டு. பழைய கணினியிலும் ஓடும். ஓர் அறைக்குள்ளேயே கணினிகளை இணைத்துக்கொண்டால் இன்டர்நெட்கூட வேண்டாம். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. ஒன்றிய அரசின் நிதி ஆயோக் 2016 முதல் அமைத்துவரும் அடல் ஆய்வகங்கள் சில பள்ளிகளில் இருக்கின்றன. வாரம் ஒரு பீரியடு ஒதுக்கினால் போதும். 'குழந்தைகளுக்கு கோடிங்' என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் வகுப்புகளைவிட இது எவ்வளவோ மேல் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. அங்கே பெரும்பாலும் முன்பே தீர்ந்துபோன கணக்கைப் பிள்ளை மறுபடி போடுகிறது. இங்கே கதவு திறக்காததற்குக் காரணம் பிள்ளை போட்ட சர்க்யூட்டிலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் தேடித் தர முடியாது.

முதல் பயிற்சியாக ரகசியக் கதவைக்கூடக் கொடுக்க வேண்டாம். டிராப் பின்னைக் கொடுக்கலாம். திரையில் நாலு பாவு நூல். எது அறுந்தாலும் தறி நிற்க வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நூலைக் கட்டிய பிறகும் யாராவது பட்டனை அமுக்கினால்தான் தறி மறுபடி ஓட வேண்டும். எட்டாம் வகுப்புக்கு இது போதும். கட்டி முடித்ததும் மார்க் போட நெசவுப் பூங்காவிலிருந்து ஒரு ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும். அவர் சர்க்யூட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முதலில் இதைத்தான் கேட்பார்: "சரி கண்ணு, நூல் அறுகாமயே தறி நின்னுபோச்சுன்னா மொதல்ல எங்க பாப்ப?"

நிஜத் தறியில் அதற்குப் பதில், பட்டையில் படிந்த பஞ்சாக இருக்கலாம், தொய்ந்த நூலாக இருக்கலாம். திரையில் பஞ்சு கிடையாது. பிள்ளை தன் சுவரைப் பிரித்து, பொடியை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.